நாட்பட்ட களைப்பு நோயும் ஒளிச் சிகிச்சையும்: மொன்றியல்

ஒளிச் சிகிச்சை என்பது, வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமான ஒளியைக் குறித்த வேளையில் குறித்த நேரம் கண்ணில் படவைத்து, உடலுக்குள் ஓடும் நாள் கடிகாரத்தையும் மனநிலையையும் சரிப்படுத்த முயலும் முறை. குளிர்கால மனச்சோர்வுக்கு இது நன்கு நிலைபெற்ற சிகிச்சை. நாட்பட்ட களைப்பு நோய்க்கு இதன் இடம் வேறு. அந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. நோயோடு சேர்ந்து வரும் தூக்கக் குழப்பத்துக்கும் குளிர்காலச் சோர்வுக்கும், அதுவும் சிலருக்கு மட்டும், உதவக்கூடும். கனடாவின் மொன்றியல் போன்ற நகரத்தில் இந்த வேறுபாடு எளிதில் மங்கிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே நலமாக இருப்பவரும் ‘ஒரே களைப்பாக இருக்கு’ என்றுதான் சொல்கிறார்.

நோயும் பெயரும்

தமிழில் களைப்பு, அலுப்பு, அசதி, சோர்வு என்று பல சொற்கள் உண்டு. எல்லாமே ஓய்வெடுத்தால் தீர்ந்துவிடும் நிலையைக் குறிப்பவை. இந்த நோயில் ஓய்வு தீர்வு தருவதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் கடும் களைப்பு, எவ்வளவு தூங்கினாலும் தூங்கியதாகவே தோன்றாத காலை, நினைவும் கவனமும் மங்குதல், எழுந்து நின்றால் தலைசுற்றலும் படபடப்பும் ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றுள் தலையாயது உழைப்புக்குப் பின் வரும் சரிவு. ஒரு நாள் கடைக்குப் போய் வந்தவர், அல்லது ஒரு மணி நேரம் படிவம் நிரப்பியவர், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுந்து, எழ நாட்கணக்கில் ஆகலாம். மனச்சோர்வு உள்ளவருக்கு நடைப்பயிற்சி பொதுவாக நன்மை செய்யும். இவருக்கு அதே நடை கேடாக முடியும். இரண்டு நோய்களையும் பிரித்தறிய மருத்துவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்களிடையே பரவிய விளங்காத நோயிலிருந்து இந்த நோயின் மற்றொரு பெயரான ‘மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்’ பிறந்தது. ‘நாட்பட்ட களைப்பு’ என்ற பெயரை 1988இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை நிலைநிறுத்தியது. நோயாளிகள் இந்தப் பெயரை இன்றுவரை விரும்புவதில்லை, அதற்கு நியாயமும் உண்டு: பெயரைக் கேட்டவுடன் ‘எனக்கும்தான் களைப்பு’ என்ற பதில் வந்துவிடுகிறது. 2003இல் கனடா மருத்துவர்கள் முன்னின்று வகுத்த கனடிய ஒருமித்த அளவுகோல், உழைப்புக்குப் பின் வரும் சரிவைக் கட்டாய அறிகுறியாக்கியது. இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அந்த ஆவணம் வேறு வகையிலும் முக்கியம். இரவு பகலாகவும் பகல் இரவாகவும் புரண்டுபோகும் தூக்கத் தாளத்தை அது அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்க்கிறது; வெளிச்சத்தைத் தாங்க முடியாத கண்கூச்சத்தையும் சேர்க்கிறது. ஒளிச் சிகிச்சையை நாடுவதற்கான காரணமும் அதற்கு அஞ்சுவதற்கான காரணமும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

கனடா புள்ளியியல் துறையின் 2014 உடல்நலக் கணக்கெடுப்பில் இந்த நோய் இருப்பதாகச் சொன்னவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். பெண்களே மிகுதி. கியூபெக் மாகாணத்தில் நோயாளிகளுக்காகச் செயல்படும் சங்கம் மொன்றியலைத் தலைமையிடமாகக் கொண்டது.

நகரமும் வெளிச்சமும்

மொன்றியல் வடக்கு அகலாங்கு 45.5 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அளவில் அங்கே பகல் 8 மணி 42 நிமிடம்தான். ஜூனில் அதுவே 15 மணி 40 நிமிடம். மொன்றியல் தமிழர் பலர் வந்த ஊரான யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி, மிக நீண்டது பன்னிரண்டே முக்கால் மணி. அங்கே பிறந்து வளர்ந்தவரின் உடல், கோடையும் மாரியும் ஏறத்தாழ ஒரே அளவு பகலைக் கண்டு பழகியது. மொன்றியலில் அதே உடல் ஏழு மணி நேர ஏற்ற இறக்கத்தைச் சந்திக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிய பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4 மணி 11 நிமிடத்துக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் 21 அளவில் நண்பகலிலும் அது அடிவானிலிருந்து ஏறத்தாழ 21 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையை ஒட்டியது.

இந்தக் குளிரிலிருந்து தப்பிக்க நகரம் தரைக்கடியில் 30 கிலோமீட்டருக்கும் மேலான நடைபாதைகளைக் கட்டி வைத்திருக்கிறது. மெட்ரோவில் ஏறி, கடைத்தொகுதிக்குள் நுழைந்து, அலுவலகத்தில் அமர்ந்து, மீண்டும் மெட்ரோவில் வீடு திரும்பும் ஒருவர் குளிர்கால வார நாளில் திறந்த வானத்தைப் பார்க்காமலே இருந்துவிட முடியும். உள்ளே உள்ள வெளிச்சம் 100 முதல் 500 லக்ஸ் (ஒளிர்வை அளக்கும் அலகு). வெளியே மேகம் மூடிய நாளிலும் அது சில ஆயிரம் லக்ஸ். பனி படர்ந்த தரை ஒளியைத் திருப்பி வீசுவதால் குளிர்கால நண்பகல் கண்ணை உறுத்துமளவு வெளுத்திருக்கும். ஆக, மொன்றியலில் ஒளிப் பஞ்சம் வானத்தால் வருவது பாதி, கூரையால் வருவது பாதி. நலமாக உள்ளவருக்கு மதிய உணவு நேரத்தில் அரை மணி வெளியே நடப்பதே போதுமான மருந்து. வாசல் வரை நடப்பதே அன்றைய தெம்பைத் தின்றுவிடும் களைப்பு நோயாளிக்கு, அதுவும் பனிச்சப்பாத்தும் கனத்த மேலங்கியும் மாட்டிக்கொண்டு, அந்த மருந்து எட்டாது. மேசை மேல் வைக்கும் விளக்கு அவருக்கு ஆசை காட்டுவதற்கு இதுவே காரணம்.

பிரெஞ்சில் ஒளிச் சிகிச்சைக்கு ‘லூமினோதெராபி’ என்று பெயர். நகரமக்களுக்கு அந்தச் சொல் மருத்துவத்தைவிடக் கலைவிழாவாகவே அதிகம் பழக்கம்: 2010 முதல் குளிர்காலம்தோறும் நகர மையத்தின் கலை வட்டாரத்தில் ஒளிரும் சீ-சா பலகைகள் போன்ற நிறுவல்களை வைத்து நடத்தப்படும் நிகழ்ச்சிக்கு அதுவே பெயர்.

கண்ணிலிருந்து கடிகாரத்துக்கு

மூளையின் அடியில், ஹைப்போதலாமஸ் பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட இரு சிறு திரள்கள் உள்ளன. உடலின் தலைமைக் கடிகாரம் அவையே. உறக்கம், விழிப்பு, உடல்வெப்பம், கார்ட்டிசோல் என்ற இயக்குநீர், இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற இயக்குநீர் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தை அவை நடத்துகின்றன. தனியே விட்டால் மனிதக் கடிகாரம் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 24 மணியும் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் எடுத்துக்கொள்ளும். அந்த மிச்ச நிமிடங்களை நாள்தோறும் வெட்டி, பூமியின் சுழற்சியோடு ஒட்ட வைப்பது காலை வெளிச்சம்.

கண் எப்படி இதைச் செய்கிறது என்பது தாமதமாகத்தான் தெரிய வந்தது. பார்ப்பதற்கு உதவும் கம்பு, கூம்பு அணுக்களைத் தவிர, விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட மூன்றாம் வகை அணுக்களும் இருக்கின்றன. அவை ஒளியை உணர்ந்து நேரே கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது 2002இல் உறுதியானது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அவை மிக நன்றாக எதிர்வினை காட்டும். பார்வை முற்றிலும் இழந்த சிலரிடமும் ஒளி மெலடோனினைக் குறைப்பதற்கு இவ்வணுக்களே காரணம். தோலில் ஒளி படுவதால் கடிகாரம் நகர்வதில்லை. ஒளிப்பெட்டியின் முன் கண்ணை மூடிக்கொண்டு உறங்குபவருக்குப் பெரிய பயனும் இல்லை.

எந்த வேளையில் ஒளி படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவு தலைகீழாக மாறும். உடல்வெப்பம் நாளின் மிகத் தாழ்ந்த நிலையை அடைவது, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்னால். அதற்குப் பின் படும் ஒளி கடிகாரத்தை முன்னே இழுக்கும்: அன்றிரவு தூக்கம் சீக்கிரம் வரும். அதற்கு முன் படும் ஒளி பின்னே தள்ளும். காலை 7 மணிக்கு எழுபவருக்கு 7 மணி ஒளி நல்லது. நண்பகலில்தான் விழிப்பு வரும் நோயாளியை அதே 7 மணிக்குத் தட்டி எழுப்பி விளக்கின் முன் உட்கார வைத்தால், அவரது கடிகாரத்துக்கு அது நடு இரவு. தூக்கம் இன்னும் பின்னே போகும். ஒளிச் சிகிச்சை தோற்றதாகச் சொல்லப்படும் வீட்டு முயற்சிகள் பலவற்றில் இந்தப் பிழை ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு.

மனச்சோர்விலிருந்து களைப்புக்கு

1980இல் ஆல்ஃபிரட் லூயி குழுவினர், 2,500 லக்ஸ் ஒளி மனிதரிடம் இரவு மெலடோனினை அடக்கும் என்று காட்டினர். அதுவரை மனித உடல் ஒளிக்கு மசியாது என்ற எண்ணம் இருந்தது. நான்கு ஆண்டு கழித்து, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசந்தாலும் உடனிருந்தவர்களும் 29 நோயாளிகளை விவரித்து, பருவகால மனச்சோர்வு என்ற நோயை வகுத்து, ஒளியால் அது தணிவதையும் எழுதினர். ரோசந்தால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். வடக்கின் குளிர்காலத்தில் தம் உற்சாகம் வற்றுவதைத் தம்மிடமே முதலில் கண்டவர். வெயில் நாட்டிலிருந்து வந்த ஒருவர் இந்த நோயைக் கவனித்தது தற்செயல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கனடாவில் இத்துறையின் முன்னோடி வான்கூவரைச் சேர்ந்த ரேமண்ட் லாம். அவர் தலைமையில் நான்கு கனடிய மையங்களில் 96 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், 10,000 லக்ஸ் ஒளியை நாளுக்கு அரை மணி பெற்றவர்களிலும் ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரை எடுத்தவர்களிலும் சம அளவாக 67 விழுக்காட்டினர் குளிர்கால மனச்சோர்வில் நல்ல முன்னேற்றம் கண்டனர். 2016இல் 122 பேரைக் கொண்ட அவரது மற்றோர் ஆய்வு, பருவத்தோடு தொடர்பில்லாத மனச்சோர்விலும் ஒளி பயன் தருவதைக் காட்டியது.

குளிர்கால மனச்சோர்வின் அறிகுறிகளைப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக எழும். களைப்பு, அதிகத் தூக்கம், காலையில் எழ முடியாமை, கவனச் சிதறல். களைப்பு நோயும் இதே நோயின் மறுவடிவமா? 1998இல் இதற்கு இரண்டு விடைகள் வந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டெர்மன் குழுவினர், களைப்பு நோயாளிகள் 110 பேரிடம் பருவ மாற்றம் பற்றிய வினாத்தாளைக் கொடுத்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் குளிர்கால மனச்சோர்வு உள்ளவர்களைப் போலவே குளிர்காலத்தில் மோசமாவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒளியைத் தந்து பார்க்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களிலிருந்து, ரோசந்தாலும் பங்கேற்ற மற்றொரு கட்டுரை, களைப்பு நோயாளிகளிடம் பருவ ஏற்றத்தாழ்வு குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றினாலும் சேர்த்தே வாசிக்கலாம்: கூட்டமாகப் பார்த்தால் பருவத் தாக்கம் தெரியவில்லை, தனித்துப் பார்த்தால் சிலரிடம் தெரிகிறது.

நேரடிச் சோதனை இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்து 2002இல் வெளியானது. முப்பது நோயாளிகள். போலி மருந்து, மாலையில் 5 மில்லிகிராம் மெலடோனின், காலையில் ஒரு மணி நேரம் 2,500 லக்ஸ் ஒளி என மூன்றும், ஒவ்வொன்றும் 12 வாரம். முடிவு தெளிவாகவே இருந்தது: களைப்போ வலியோ தூக்கமோ எதுவும் குறிப்பிடும்படி மாறவில்லை. உடல்வெப்பத் தாளமும் மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரமும்கூட அவ்வளவாக நகரவில்லை. இந்தக் கடைசி விவரம் கவனிக்கத்தக்கது. கடிகாரமே அவ்வளவாக அசையாதபோது, கடிகாரத்தைத் திருத்தினால் நோய் தணியுமா என்ற கேள்விக்கு அந்தச் சோதனை விடை சொல்லியதாகக் கொள்ள முடியாது. மனச்சோர்வுக்குத் தரும் வழக்கமான அளவு 2,500 லக்ஸ் இரண்டு மணி, அல்லது 10,000 லக்ஸ் அரை மணி; லிவர்பூலில் தந்தது அதில் பாதி. தூக்கம் பின்தள்ளிப்போனவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆனாலும் இத்தகைய குறைகள் ஒரு சிகிச்சைக்குச் சாதகமான சான்றாகிவிடா.

தேர்ந்தெடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் 2006இல் வெளியான சிறு ஆய்வு ஒரு குறிப்புத் தருகிறது. இரவு ஒன்பதரைக்குப் பிறகே மெலடோனின் சுரக்கத் தொடங்கும் களைப்பு நோயாளிகள் 29 பேருக்கு மட்டும் மூன்று மாதம் மெலடோனின் கொடுத்தபோது களைப்பு குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதன் மேல் அதிகம் கட்ட முடியாது.

பக்கத்து நோய்களில் படம் கலவையாக இருக்கிறது. டொராண்டோவில் 1996இல், உடலெங்கும் வலி பரவும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்குத் தந்த ஒளி பயன் தரவில்லை. கால்கரியில் புற்றுநோயிலிருந்து மீண்ட 81 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், நான்கு வாரம் தினம் அரை மணி வெள்ளை ஒளி பெற்றவர்களின் களைப்பு, மங்கிய சிவப்பு ஒளி பெற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. மங்கிய ஒளி பெற்றவர்களும் ஓரளவு தேறினர் என்பதையும் மறைக்க முடியாது. மெல்பர்னில் தலைக்காயத்துக்குப் பிந்தைய களைப்புக்குத் தந்த நீல ஒளி, தந்த வரையில் உதவியது. நிறுத்தியதும் பழைய நிலை திரும்பியது.

ஒளி ஆய்வுகள் அனைத்துக்கும் ஒரு பொதுச் சங்கடம் உண்டு. மாத்திரையை வேறு மாத்திரையால் மறைக்கலாம். கண்ணெதிரே எரியும் விளக்கை எப்படி மறைப்பது? மங்கிய சிவப்பு விளக்கு, வேலை செய்யாத அயனிக் கருவி என்று பல வேடங்கள் போட்டுப் பார்த்தாயிற்று. தனக்குக் கிடைப்பது உண்மையா போலியா என்பதை நோயாளி பல வேளைகளில் ஊகித்துவிடக்கூடும்.

மொன்றியல் ஆய்வுகள்

மொன்றியலில் இந்தப் பொருளுக்கு இரு கரைகள் இருக்கின்றன. ஒன்று வெர்டன் பகுதியில், 1881இல் தொடங்கப்பட்ட டக்ளஸ் மனநல நிறுவனம். அங்குள்ள நாள் தாள ஆய்வு மையத்தை நிறுவியவர் டயான் புவாவேன். பாஸ்டனில் இருந்தபோது அவர் முதல் ஆசிரியராக 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, கடிகாரத்தை நகர்த்தப் பேரொளி தேவையில்லை, ஏறத்தாழ 180 லக்ஸ் கொண்ட சாதாரண அறை வெளிச்சமே போதும் என்று காட்டியது. வீட்டு விளக்கின் கீழ் நள்ளிரவு வரை விழித்திருப்பவரின் கடிகாரம் ஏன் பின்னே நழுவுகிறது என்பதற்கு அதில் விளக்கம் இருக்கிறது. டக்ளஸில் சன்னலும் கடிகாரமும் இல்லாத அறைகளில் ஆட்களை நாட்கணக்கில் தங்கவைத்து அளக்கிறார்கள்.

2002இல் அவர் இரவுப் பணித் தாதியரிடம் செய்த ஆய்வு ஒளியைவிட இருளைப் பற்றியது என்றே சொல்லலாம். பணியின் முதல் ஆறு மணி நேரம் பிரகாசமான ஒளி, காலையில் வீடு திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, பகலில் எட்டு மணி நேரம் முழு இருட்டறை. அப்படிச் செய்தவர்களின் கடிகாரம், செய்யாதவர்களுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக நகர்ந்து இரவுப் பணிக்குப் பொருந்தியது. எந்த நேரத்தில் ஒளியைத் தவிர்ப்பது என்பதும் சிகிச்சையின் பாதி என்பதை இது உறுதிப்படுத்தியது. களைப்பு நோயாளிக்கும் இது பொருந்தும்: காலை விளக்குக்கு முன் இரவுத் திரைகளையும் கூரை விளக்குகளையும் மங்கவைப்பது செலவற்றது, அபாயமும் அற்றது.

மக்கில் பல்கலைக்கழகத்தில் சைமன் யங், டெபி மொஸ்கோவிட்ஸ், மரியே ஆன் ஹெட் ரொட் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு அன்றாட வாழ்வை அளந்தது. பருவ மாற்றத்தை லேசாக உணரும் 48 பேர் 20 நாட்கள் மணிக்கட்டில் ஒளிமானியைக் கட்டிக்கொண்டனர். 1,000 லக்ஸுக்கு மேல் ஒளி கண்ட நாட்களிலும்கூட, காலை 7 முதல் இரவு 10 வரை அவர்கள் அதைக் கண்டது சராசரியாக 19.6 நிமிடம்தான். அந்த வேளைகளில் சச்சரவு குறைந்தது, மனநிலை மேம்பட்டது. இவர்கள் நோயாளிகள் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மற்றக் கரை, கோட்-டே-நேஜ் பக்கம், செயின்ட் ஜஸ்டின் குழந்தைகள் மருத்துவமனை. அங்கே மொன்றியல் பல்கலைக்கழகத்தின் அலன் மொரோ தலைமையில் களைப்பு நோயின் மூலக்கூற்று ஆராய்ச்சி நடக்கிறது. கனடிய நலவாழ்வு ஆய்வு நிறுவனங்கள் 2019இல் 14 லட்சம் டாலர் நிதியளித்த நாடளாவிய ஆய்வு வலையமைப்பையும் இவரே வழிநடத்தினார். மொரோ குழுவின் முறை புதுமையானது. நோயாளியைச் சைக்கிள் மிதிக்க வைத்து வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளாமல், கையில் காற்றுப் பட்டையைச் சுற்றி 90 நிமிடம் அழுத்தித் தளர்த்தி மெல்லிய தூண்டல் தருகிறார்கள். முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து, அதிலுள்ள நுண் ஆர்.என்.ஏ.க்களை ஒப்பிடுகிறார்கள். 2020இல் வெளியான கட்டுரை, இவற்றில் பதினொன்றைக் கொண்டு நோயாளிகளை நலமானவர்களிடமிருந்து பிரித்தறியலாம் என்றது. ‘எல்லாம் மனப் பிரமை’ என்று பல ஆண்டு கேட்டுச் சலித்தவர்களுக்கு இதன் எடை ஆய்வகத்துக்கு வெளியிலும் பெரிது. ஒளியைப் பற்றி இக்கரை பேசவில்லை. களைப்பு நோயைப் பற்றி அக்கரை பேசவில்லை. மெட்ரோவில் போய்வரும் தூரத்தில்தான் இரண்டும் இருக்கின்றன.

பயன்படுத்தும் முறை

மொன்றியல் மருந்துக்கடைகளில் ஒளிப்பெட்டியை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அந்த வசதியே சிக்கலும்கூட. பெட்டியின் மேல் 10,000 லக்ஸ் என்று அச்சிட்டிருந்தாலும், அந்த அளவு எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் கிடைக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பெரிதும் விழுந்துவிடும். கைக்கடக்கமான சிறு விளக்குகளில் முகத்தைச் சற்றுத் திருப்பினாலே அளவு சரியும். ஒளி கண் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து விழ வேண்டும். நேரே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. எதிரே வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கலாம், பத்திரிகை படிக்கலாம். புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வடிகட்டலால் வரும் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. ஒளிப்பெட்டி வைட்டமின் டியை உண்டாக்காது. அந்த வைட்டமின் தோலில் புற ஊதா ‘பி’ கதிரால் உருவாவது. மொன்றியலின் அகலாங்கில் குளிர்கால மாதங்களில் இயற்கை வெயிலும் அதைத் தருவதில்லை. கருநிறத் தோலுக்குக் கோடையிலும் அதிக நேரம் வேண்டும். ஆகவே மொன்றியல் தமிழர் ஒருவர் களைப்போடு மருத்துவரிடம் போகும்போது வைட்டமின் டி, இரும்புச்சத்து, சைவ உணவுக்காரரானால் பி12, தைராய்டு, நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றைப் பார்த்துத் தள்ளிய பிறகே களைப்பு நோயைப் பற்றிப் பேச்சு எழ வேண்டும். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குத் தரும் நீல ஒளி, சொரியாசிஸுக்குத் தரும் புற ஊதா ஒளி ஆகியவற்றுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் பெயரைத் தவிர உறவில்லை. தோலில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சி ‘செல்லுக்குச் சக்தி ஏற்றும்’ கருவிகளும் சந்தையில் உள்ளன. அவை வேறு வகை, களைப்பு நோயில் அவற்றுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

மருத்துவர் ஒளியைத் தந்து பார்க்கத் தீர்மானித்தால், முதலில் இரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுதச் சொல்வது வழக்கம். நோயாளி இயல்பாக விழிக்கும் நேரத்தை ஒட்டி விளக்கைத் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை அரை மணி முன்னே நகர்த்த வேண்டும். மனச்சோர்வு நோயாளிக்கு முதல் நாளே அரை மணி கொடுக்கலாம். களைப்பு நோயாளிக்கு ஐந்து பத்து நிமிடத்தில், தள்ளி வைத்த விளக்கில் தொடங்குவதே பத்திரம். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே அவருக்கு உழைப்பு. சாய்ந்தபடி பெறும் ஏற்பாடு தேவைப்படலாம். ஒளியால் கொஞ்சம் தெம்பு வந்தாலும் அதிலே ஓர் ஆபத்து இருக்கிறது: தேறிவிட்டோம் என்று அன்றே வீட்டைத் துப்புரவாக்கி, மறுநாள் விழுந்துவிடுவது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் பழைய முறையை, பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் கைவிட்டது. கையிருப்புத் தெம்புக்குள் செலவை அடக்கும் அளவிடல் முறையே இன்று வழிகாட்டி, விளக்கின் முன் உட்காரும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும்.

தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். பெரும்பாலும் நேரத்தைக் குறைத்தால் போய்விடும். இருமுனை மனநோய் உள்ளவருக்கு ஒளி மிகைக் கிளர்ச்சியைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. தமிழரிடையே நீரிழிவு மிகுதி, அதன் வழியே விழித்திரைப் பழுதும் வருவதால் இது ஏட்டளவு எச்சரிக்கை அல்ல. டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், அமியோடரோன் போன்ற சில இதய மருந்துகள் உடலை ஒளிக்குக் கூச வைக்கும்.

நோய் முற்றியவர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அவர்கள் திரைச்சீலையை இழுத்து மூடி, கண்ணுக்கு மறைப்புக் கட்டி, காதுக்குப் பஞ்சு வைத்துக் கிடக்கிறார்கள். கதவிடுக்கில் வரும் நடைபாதை வெளிச்சமே தாங்காது. இவர்களுக்கு 10,000 லக்ஸ் சிகிச்சை அல்ல, துன்பம். பகலில் தாங்கும் அளவுக்குத் திரையைச் சிறிது விலக்கி, இரவில் முழுதாக மூடி, பகல் எது இரவு எது என்ற வேறுபாட்டை மட்டும் உடலுக்குக் காட்டுவதே இவர்கள் விஷயத்தில் செய்யக்கூடியது. அதையும் எந்த நாளில் எவ்வளவு என்று நோயாளியே சொல்ல வேண்டும்.